ஏமியைப் பாருங்கள்

அன்புள்ள அக்கா,

'ஐஜிபிஎக்ஸ்' என்ற ரோபோ பந்தயக் கார்ட்டூன் தொடரை மறுபடி பார்க்கச் சொல்லிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். நான் ரெண்டு எபிசோடோடு நிறுத்தியவன். ரோபோ ஓடுகிறது, இடிக்கிறது, ஒரு அணி ஜெயிக்கிறது. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

ஜெ., கருங்கல்

அன்புள்ள தம்பி,

நானும் முதல் தடவை பாதியில் எழுந்து போனவள்தான். ரோபோவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை 2049-இல் நடக்கிறது. இந்தப் பந்தயத்துக்கென்றே ஒரு நகரம். ஒரு போட்டியில் இரண்டு அணிகள், அணிக்கு மூன்று ரோபோ, 60 மைல் பாதையில் மூன்று சுற்று. ஓடிக்கொண்டே அடித்துக்கொள்ளலாம். ரோபோவுக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். கதையின் முக்கிய அணியான சடோமியில் முன்னால் டகேஷி, நடுவில் லிஸ், பின்னால் காவலுக்கு ஏமி.

போன ஆடியில் குளச்சலில் என் அக்கா வீட்டில் இருந்தேன். மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அக்கா மகன் லேப்டாப்பில் இதைப் போட்டிருந்தான். லீவு நாளில் அப்பாவோடு கடலுக்குப் போகிற பையன். "சித்தி, டகேஷிய விடுங்க, ஏமியப் பாருங்க" என்றான்.

அலைக்குள் வள்ளம் இறக்குவதைப் பார்த்திருப்பீர்களே. வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நிற்பவர் அலையையே பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் இருப்பவர் எஞ்சினைத் தூக்கிப் பிடித்திருப்பார். முன்னால் இருந்து குரல் வரும்வரை இறக்க மாட்டார். அவசரப்பட்டால் புரொப்பல்லர் மணலில் இடிக்கும். நடுவில் இருப்பவர் துடுப்பால் வள்ளத்தை நேராக வைத்திருப்பார். கரையில் நிற்கிற நமக்கு வள்ளம்தான் தெரியும், அந்த மூன்று பேருக்குள் ஓடுகிற பேச்சு தெரியாது. அந்தப் பையனுக்கு அது கேட்டுப் பழக்கம். அதனால்தான் அவன் கண் நேராக ஏமியிடம் போயிருக்கிறது.

அப்புறம் எனக்கும் வேறு தொடராகத் தெரிந்தது. டகேஷி எதிரியை முந்தும்போது பின்னால் யார் அடி வாங்குகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஏமியின் ரோபோவுக்குள் அவளோடு லூகா என்ற பூனையும் இருக்கிறது. முதலில் அதைக் குழந்தைகளுக்கான வேடிக்கை என்று தள்ளிவிட்டேன். இப்போது ஏமி அந்தப் பூனையை எவ்வளவு நம்பி ஓட்டுகிறாள் என்பதுதான் எனக்குத் தொடரிலேயே பிடித்த விஷயம்.

இன்னொன்று. கார்ட்டூன் நெட்வொர்க்கும் ஜப்பானின் புரொடக்ஷன் ஐஜி என்ற அனிமேஷன் ஸ்டுடியோவும் சேர்ந்து 2003-இல் இதை ஐந்து குறும்பாகங்களாகத்தான் செய்தார்கள். பிறகு பாத்திரங்களையே மாற்றி, 2005-இல் புதிதாகத் தொடங்கி 26 எபிசோட் எடுத்தார்கள். செய்தவர்களே ரெண்டாவது தடவை உட்கார்ந்து செய்த வேலை, தம்பி.

குறை இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டரில் வரைந்த ரோபோக்கள் இன்றைக்குப் பழசாகத் தெரியும். சில பந்தயங்கள் ஒன்றுபோலவே போகும். சரி, அதையும் தாண்டி ஒரு ஐந்தாறு எபிசோடாவது பாருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். பூனை வரும்போது அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா