பிறப்புக் கொள்கையைக் கினி எண்ணால் மட்டும் அளக்கலாமா?

கேள்வி: குழந்தை பெறுவோருக்கு உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றை ஆய்வேட்டுக்காக மதிப்பிடுகிறேன். திட்டத்துக்கு முன்னும் பின்னும் கினி எண்ணை (வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்) ஒப்பிட்டால் போதுமா?

பதில்: போதாது. மற்ற நலத்திட்டங்களில் ஆட்கள் அதே ஆட்கள்தான், கைக்கு வரும் பணம்தான் மாறும். பிறப்புக் கொள்கையிலோ யார் வீட்டில் எத்தனை பேர் பிறக்கிறார்கள் என்பதே மாறிவிடுவதால், முன்னும் பின்னும் நீங்கள் அளப்பது வேறு வேறு கூட்டம்.

ருமேனியாவைப் பாருங்கள். 1966-ல் கருக்கலைப்புக்குக் கடுமையான தடை வந்தது, அடுத்த ஆண்டே பிறப்புகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் படிப்பிலும் வேலையிலும், தடைக்குச் சற்று முன் பிறந்தவர்களைவிடச் சராசரியில் மேலாகவே இருந்தார்கள். தடை நல்லது செய்ததா என்ன? அதற்கு முன் கருக்கலைப்பை அதிகம் நாடியவர்கள் நகரத்துப் படித்த பெண்கள், ஆகவே கூடுதலாகப் பிறந்ததில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதிகம், அவ்வளவுதான். பாப்-எலெகெஸ் என்ற பொருளாதார அறிஞர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் குடும்பப் பின்னணியின் பங்கைக் கழித்ததும் முடிவு தலைகீழானது. பிரசவ வயதுப் பெண்களின் சாவு எகிறியதோ எந்தக் கினியிலும் தெரியாது.

அப்புறம் அளவுகோல், அதாவது சின்ன வீட்டையும் பெரிய வீட்டையும் ஒப்பிட, வீட்டு வருமானத்தை ஆட்களுக்கேற்ப வகுக்கும் முறை. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி-யின் திருத்திய அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, அடுத்தவருக்கு 0.5, 14 வயதுக்குக் கீழ் ஒவ்வொரு பிள்ளைக்கும் 0.3. தம்பதி, இரண்டு குழந்தைகள், வருமானம் 60,000 என்றால் 2.1-ஆல் வகுக்க 28,571. மூன்றாவது பிறந்து அரசு 3,000 தந்தால், 63,000-ஐ 2.4-ஆல் வகுக்க 26,250. கணக்குப்படி அந்த வீடு இறங்கிவிட்டது, ஆனால் விரும்பிப் பெற்ற பிள்ளையைத் துரதிர்ஷ்டம் என்று எழுதுவீர்களா?

சரி, என்ன செய்யலாம்? முதலில் பிறப்புகளை மாற்றாமல் பணத்தை மட்டும் சேர்த்து ஒரு கினி எடுங்கள். பிறகு ஒவ்வொரு வருமான அடுக்கிலும் பிறப்பு எவ்வளவு மாறியது என்பதைத் தனியாகக் கணக்கிடுங்கள். இரண்டும் எதிரெதிராகப் போகலாம்: போலந்தில் 2016-ல் மாதம் 500 ஸ்லோட்டி தரத் தொடங்கியதும் குழந்தை வறுமை குறைந்தது, பிறப்புகளோ 2017-ல் சற்றே ஏறிவிட்டு மறுபடி சரிந்தன. பிறப்பை வைத்துப் பார்த்தால் தோல்வி, பங்கீட்டை வைத்துப் பார்த்தால் வெற்றி.

ரொக்கமா வரிச்சலுகையா என்பதையும் விடாதீர்கள். ஹங்கேரியில் 2020 முதல் நான்கு பிள்ளைகள் பெற்ற தாய்க்கு வருமான வரி இல்லை. சம்பளமே இல்லாத தாய்க்கு இதனால் ஒரு காசும் மிஞ்சாது.