கார்டனில் சீமெந்துக் கல் அறை கட்டுவது: கேள்வி பதில்

லண்டனில் கட்டட வேலையில் இருக்கிறேன். கார்டனில் சீமெந்துக் கல்லால் சின்ன அறை கட்ட நினைக்கும் நம்மவர்கள் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவரின் இடத்தின் பெயரைக் கேள்விக்கு முன் போட்டிருக்கிறேன். எல்லாம் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு, வேல்ஸிலும் சில விடயங்கள் மாறும்.

ஹாரோ அக்கா ஒருவர்: தம்பி, பின் கார்டனில் 5க்கு 4 மீற்றரில் சாமியறையும் சாமான் அறையும் கட்டப்போகிறோம். பெர்மிஷன் ஒன்றும் தேவையில்லை என்கிறார் பில்டர். நம்பலாமா?

அக்கா, எந்தப் பெர்மிஷனைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். கவுன்சிலில் பிளானிங் ஒரு பகுதி, பில்டிங் கண்ட்ரோல் இன்னொரு பகுதி. எங்கே கட்டுகிறீர்கள், எவ்வளவு உயரம், என்ன பாவனைக்கு என்பதைப் பிளானிங் பார்க்கும். சுவர் ஒழுங்காக நிற்குமா, நெருப்புப் பிடித்தால் ஆள் தப்புமா என்பதை பில்டிங் கண்ட்ரோல் பார்க்கும். ஒன்றில் விலக்குக் கிடைத்தால் மற்றதிலும் கிடைத்தது என்று ஆகாது.

பிளானிங்கில் விண்ணப்பம் போடாமலே கட்ட வேண்டுமானால், வீட்டின் முன்பக்கத்தைத் தாண்டாமல், மாடி இல்லாமல், கூரைத் தாழ்வாரம் 2.5 மீற்றருக்குள் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சரிந்த கூரை என்றால் மொத்த உயரம் 4 மீற்றர் வரை போகலாம், மற்றக் கூரைகளுக்கு 3. எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் வந்தால் மொத்தமே 2.5தான். எக்ஸ்டென்ஷன், பழைய ஷெட் எல்லாம் சேர்ந்து, முதலில் கட்டிய வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் மூடக்கூடாது. உங்கள் குடும்பம் கும்பிடும் சாமியறை பிரச்சினையில்லை. வாரா வாரம் வெளியாட்களைக் கூட்டிப் பஜனை வைத்தால் கவுன்சில் வேறு மாதிரிப் பார்க்கும்.

பில்டிங் கண்ட்ரோலில், உள்ளளவு 15 சதுர மீற்றருக்குள், படுக்கை இல்லை என்றால் விலக்கு. 15 முதல் 30 வரை என்றால் படுக்கையும் இருக்கக்கூடாது. அதோடு எல்லையிலிருந்து 1 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும், அல்லது பெரும்பகுதி எரியாத பொருளால் கட்டியிருக்க வேண்டும். கல்லால் கட்டுவதன் பெரிய நன்மையே இதுதான். உங்கள் அளவுக்கு பில்டர் சொன்னது சரி. ஆனால் கரண்ட் வேலை இந்த விலக்குக்குள் வராது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்: வேலியை ஒட்டி, வெளியளவு 6க்கு 5.4 மீற்றர் கட்டலாமா அண்ணா? மட்டக் கூரை.

இந்த 30 சதுர மீற்றரைச் சுவரின் உட்பக்கத்திலிருந்துதான் அளப்பார்கள். 100 மில்லிமீற்றர் ஒற்றைக் கல் சுவர் என்றால் உள்ளே 5.8க்கு 5.2, அதாவது 30.16. மயிரிழையில் மேலே போய்விட்டது. வெளியளவை 5.3 ஆக்கினால் 29.58, தப்பிவிடும். சுவர் கல் என்றாலும் கூரை மரம் என்றால், "பெரும்பகுதி எரியாதது" என்பதைக் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு மாதிரிப் பார்க்கலாம். வரைபடத்தை ஈமெயிலில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

உயரத்தையும் கணக்குப் பாருங்கள். வேலியோரம் என்பதால் வெளியே 2.5 மீற்றர்தான். தளம் நிலத்துக்கு மேலே 15 சென்றிமீற்றர், கூரை மரமும் இன்சுலேஷனும் சேர்த்து 30 என்றால் உள்ளே மிஞ்சுவது 2.05. உயரமான ஆள் கையைத் தூக்கினால் முட்டும். நிலம் சரிவாக இருந்தால், கட்டடத்தைத் தொடும் நிலத்தின் மிக உயர்ந்த இடத்திலிருந்து அளக்கலாம். அது சிலருக்குக் கைகொடுக்கும். பீலியும் கூரை ஓரமும் பக்கத்து வளவுக்குள் நீட்டவே கூடாது.

ஹேய்ஸ்: ஊரிலிருந்து அம்மா வந்து எங்களோடு நிரந்தரமாக இருக்கப் போகிறார். படி ஏற முடியாது. கார்டன் அறையில் படுக்க விடலாம் என்று யோசிக்கிறோம்.

அம்மாவுக்குக் கீழே ஓர் அறை வேண்டும் என்பது நியாயமான தேவை. அதனால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன். கட்டில் போட்ட நாளோடு மேலே சொன்ன பில்டிங் கண்ட்ரோல் விலக்கு இல்லை, 10 சதுர மீற்றர் அறை என்றாலும் இல்லை. பிளானிங்கிலும் படுக்கை அறை அந்த விண்ணப்பம் போடாமலே கட்டக்கூடிய வகைக்குள் அடங்காது, முழு விண்ணப்பம் போட வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஒற்றைக் கல் சுவர் மழையைக் குடிக்கும், மாரியில் உட்பக்கம் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வயதானவரின் நெஞ்சுக்கு அது கூடாது. இரவில் ஹீட்டரில் நெருப்புப் பிடித்தால் வீட்டுக்குள் இருக்கும் உங்களுக்குச் சத்தமும் கேட்காது. முறைப்படி பதிந்தால் இன்ஸ்பெக்டர் அத்திவாரம், ஈரத்தடுப்பு, இன்சுலேஷன், காற்றோட்டம், புகை அலாரம், தப்பும் வழி எல்லாம் பார்ப்பார். இரண்டடுக்குச் சுவர் கட்டி முறையாகச் செய்தால் அது நல்ல அறை. ஆனால் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள், வீட்டோடு ஒட்டிய எக்ஸ்டென்ஷனே மேல் என்பது என் எண்ணம். இரவில் கூப்பிட்டால் கேட்கும்.

வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2013இல் ஸ்லவ் கவுன்சில், ஆள் குடியிருக்கும் ஷெட்களைக் கண்டுபிடிக்க வெப்பத்தைப் படமெடுக்கும் கமராவோடு விமானமே பறக்கவிட்டது.

க்ரொய்டன்: அத்திவாரம் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும்? வேலிக்கு அப்பால் பெரிய ஓக் மரம் நிற்கிறது.

மரம் உங்களுடையதா பக்கத்து வீட்டுடையதா என்பது களிமண்ணுக்குத் தெரியாது. லண்டன் களி கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும். ஓக், வில்லோ, பொப்லர் மூன்றும் தண்ணீரை இழுக்கிற மரங்கள். சுருங்கும் களியில் அரச வழிகாட்டி சொல்லும் குறைந்த ஆழம் 0.75 மீற்றர். கூடுதலாகச் சுருங்கும் களிக்கு 1 மீற்றர், மரம் கிட்ட நின்றால் இன்னும் கீழே போக வேண்டும். அதை இன்ஜினியரிடம் கேளுங்கள், பில்டரின் கண்மட்டத்துக்கு விடாதீர்கள். 2018, 2022 போலக் காய்ந்த கோடைகளுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் தெரியும்: சாந்து மூட்டு வழியே படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் வெடிப்பு, மேலே போகப் போக அகலும். அதற்கு மேல் பூசி மறைப்பதில் பயனில்லை.

தோண்டுமுன் மான்ஹோல் எங்கே என்று பாருங்கள். பொதுக் கழிவுக் குழாயிலிருந்து 3 மீற்றருக்குள் கட்டினால் தண்ணீர்க் கம்பனியின் அனுமதி வேண்டும். 2011 அக்டோபருக்குப் பிறகு, பக்கத்து வீட்டோடு பகிரும் குழாய்களில் பெரும்பாலானவை பொதுக் குழாய்தான்.

லூட்டன்: பாரம் குறைந்த வெள்ளைக் கல் பாவிக்கலாமா? தூக்க லேசு என்கிறார் மேசன்.

தூக்க லேசு, காற்றுக்கும் லேசு. படுக்கையில்லாத சின்னக் கட்டடங்களுக்கு, 10 சதுர மீற்றரைத் தாண்டினால் சுவரின் எடை சதுர மீற்றருக்கு 130 கிலோவாவது வேண்டும் என்கிறது வழிகாட்டி. 100 மில்லிமீற்றர் வெள்ளைக் கல் ஏறத்தாழ 60 கிலோதான் வரும், கனமான சீமெந்துக் கல் 190ஐத் தொடும். விலக்குள்ள கட்டடத்துக்கு இந்த விதியை யாரும் வந்து பரிசோதிக்க மாட்டார்கள், ஆனாலும் அதையே பின்பற்றுங்கள். 2.5 மீற்றருக்கு மேல் நீளமான சுவருக்கு 3 மீற்றர் இடைவெளிக்குள் கல்லோடு பிணைத்த தூண் வேண்டும். கூரையை இரும்புப் பட்டியால் சுவரோடு கட்டுங்கள். இதைத்தான் அதிகமாக விட்டுவிடுகிறார்கள்.

வெம்பிளி: சாமியறைக்கு ஒரு லைட், ஒரு சொக்கட். மச்சான் கரண்ட் வேலை தெரிந்தவர், அவரே செய்யலாமா?

வீட்டு மெயின் பெட்டியிலிருந்து புது சேர்க்கிட் இழுத்தால் பில்டிங் கண்ட்ரோலுக்கு அறிவிக்க வேண்டிய வேலை அது. பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன் என்றால் அவரே அறிவித்துச் சான்றிதழ் தருவார். மச்சானுக்குப் பதிவு இல்லையென்றால், தொடங்குமுன் கவுன்சிலுக்கு அறிவித்துக் கட்டணம் கட்டுங்கள். நிலத்துக்குள் போவது இரும்புக் கவசம் போட்ட கேபிளாக இருக்கட்டும், ஒரு நாள் யாரோ மண்வெட்டி போடுவார்கள்.

இல்ஃபர்ட்: பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியிடம் வாயால் கேட்டுவிட்டேன், சரி என்றார். போதுமா?

போதாது. அவருடைய கட்டடத்திலிருந்து 3 மீற்றருக்குள், அதன் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால், 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் (அயலவரோடு பகிரும் சுவர்) சட்டப்படி ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். எல்லைக் கோட்டிலேயே புதுச் சுவர் எழுப்பினாலும் அப்படித்தான். கடிதத்தோடு நேரில் போய் வரைபடத்தைக் காட்டி விளங்கப்படுத்துங்கள்.

சவுத்தோல்: மேல் மாடி ஃபிளட், கார்டன் எங்களுடையது.

பிளானிங் விண்ணப்பம் போடாமலே கட்டும் சலுகை ஃபிளட்டுக்குக் கிடையாது. சின்ன ஷெட்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள், லீஸையும் வாசியுங்கள்.

மில்டன் கீன்ஸ்: ஐந்து வருடத்துக்கு முன் கட்டியது. வீடு விற்கப் போகிறோம், சொலிசிட்டர் பேப்பர் கேட்கிறார்.

கட்டியபோதே விதிக்குள் இருந்தால், சட்டப்படியானது என்று கவுன்சிலிடம் லோஃபுல் டிவலப்மென்ட் சான்றிதழ் எடுக்கலாம். விதியை மீறியிருந்தால், 2024 ஏப்ரல் 25க்கு முன் கட்டி முடித்ததற்கு நான்கு வருடக் கணக்கு, அதற்குப் பிறகு முடித்ததற்குப் பத்து வருடம். அவ்வளவு காலம் போனால் பிளானிங் மீறலுக்குக் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது. மறைத்து வைத்திருந்தால் இந்தக் கணக்கு உதவாது. பில்டிங் கண்ட்ரோல் தேவைப்பட்ட வேலை என்றால் பிறகு முறைப்படுத்தக் கேட்கும் ரெகுலரைசேஷன் விண்ணப்பம் இருக்கிறது. 1985 நவம்பர் 11க்குப் பிறகு செய்த வேலைகளுக்கு அது செல்லும். அத்திவாரம் பார்க்க ஒரு மூலையில் தோண்டச் சொல்வார்கள். விளம்பரம் போடுமுன்பே தொடங்குங்கள், வாங்குபவர் கேட்ட பிறகு ஓடினால் விலையைக் குறைக்கச் சொல்வார்.