மலையை விட்டு இறங்காமல் அருங்காட்சியக வேலை

கேள்வி: பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். ஊர் கோத்தகிரி. அருங்காட்சியகங்களில் கைவினைப் பட்டறை, கண்காட்சி நடத்தும் வேலைக்குப் போக ஆசை. வீட்டில் பி.எட். படிக்கச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பி.எட். படித்தாலும் வீண்போகாது. பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தரத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் எப்போதும் மதிப்பு உண்டு. அருங்காட்சியகவியலில் எம்.ஏ. படிக்க பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம் வரை போகலாம். ஆனால் அந்தப் படிப்பில் அரும்பொருள்களைப் பாதுகாப்பது, பதிவு செய்வது பற்றித்தான் நிறைய இருக்கும். நிகழ்ச்சி நடத்துவதை நடத்தித்தான் கற்க வேண்டும். அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக ஆள் எடுக்கிறார்கள்; எப்போதாவது, ஒரு சில இடங்கள்தான். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

சரி, நீலகிரியின் தோடர் பழங்குடியினர் போடும் பூத்தையலில் ஒரு பட்டறை போடுவதாக வைத்துக்கொள்வோம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். துணியில் கோடு வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணித் தைப்பார்கள். அப்படியானால் வெளிச்சம்தான் முதல் தேவை. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் இழை தெரியாது. காலையிலேயே, ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு இழை பிரிந்து தெரியும் முரட்டுத் துணி வாங்குங்கள். சொல்லித்தரும் அக்கா ஒருவர் என்றால் ஏழெட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

மே மாத சீசன் ஆசை காட்டும். அப்போது வேண்டாம் என்பேன். மந்திலிருந்து, அதாவது தோடர் குடியிருப்பிலிருந்து, வருகிற அக்கா போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொள்வார்; வெளியூர்க்காரர்கள் 2024-லிருந்து இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) எடுத்துத்தான் மலையேற வேண்டும்; வந்தவர்களும் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டிசம்பர், ஜனவரி என்றால் தோடர், இங்குள்ள இன்னொரு பழங்குடியான கோத்தர் ஆகியோரின் திருவிழாக்கள் எப்போது என்று அவர்களிடமே கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள்.

பட்ஜெட்டில் முதல் வரி கைவினைஞரின் கூலி. பட்டறை இரண்டு மணி நேரம்தான் என்றாலும் அவருக்குப் போனது ஒரு முழு நாள். முழு நாள் கூலி, பஸ் செலவு, சாப்பாடு மூன்றையும் அன்றைக்கே கையில் கொடுங்கள். ‘பில் பாஸாகட்டும்’ என்று இழுத்தடித்தால் அடுத்த முறை கூப்பிடும்போது போனை எடுக்க மாட்டார். நியாயம்தானே? அப்புறம், படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். தைக்க வந்தவரை ஆடிக் காட்டச் சொல்வது கேவலம்.

ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்தை ஒருநாள் நிதானமாகப் பாருங்கள். உங்கள் ஊரிலேயே கீஸ்டோன் நிறுவனம் இருக்கிறது. 1990-களிலிருந்து பழங்குடி மக்களோடு வேலை செய்கிறது. உதவிக்கு ஆள் வேண்டுமா என்று நேரில் போய்க் கேளுங்கள். கொஞ்ச நாள் வெளியே இருக்க முடியுமென்றால் சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

நடத்திய ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வரவு செலவுத் தாள், வந்தவர் பட்டியல், வாங்கிய பொருளின் பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ்களோடு அதையும் கொண்டுபோங்கள்.