மதுரைப் பக்கம் ஒரு ஜெனரேட்டர், கொடைக்கானலில் ஒன்று: இரண்டுக்கும் வேறு வேறு இன்ஜின் ஆயில் ஊற்ற வேண்டுமா?

திருமங்கலம் மண்டபத்தில் 62.5 கேவிஏ, கொடைக்கானல் விடுதியில் 25 கேவிஏ, இரண்டுமே கரண்ட் போனால் மட்டும் ஓடுகிற செட். கீழே வெயிலுக்கு 20டபிள்யூ-50, மேலே குளிருக்கு 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஊற்றச் சொல்கிறார் மெக்கானிக் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேனுவல் வேறு எதையும் கட்டாயமாகச் சொல்லாதவரை இரண்டுக்கும் 15டபிள்யூ-40 போதும். ஊருக்கு ஊர் மாற வேண்டியது ஆயில் மாற்றும் தேதியும், செட்டை ஓட்டும் முறையும்தான்.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி நிற்கிறது என்பதைச் சொல்கிறது. 15டபிள்யூ ஆயிலுக்கு அந்தச் சோதனையே மைனஸ் 20 டிகிரியில் நடக்கிறது. கொடைக்கானலில் ஜனவரி ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி இறங்கினாலும் 20 டிகிரி கையிருப்பு இருக்கிறது. அங்கே விடியற்காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது. ஆயிலை மாற்றி அது சரியாகாது.

பின்னால் வரும் 40 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. வெளியே 40 டிகிரி வெயில் என்பதால் ஆயில் சூடும் அதே அளவுக்கு ஏறிவிடாது. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் அதைக் கட்டுக்குள் வைக்கும். ஏறுகிறது என்றால் பெரும்பாலும் அறைதான் காரணம். ரேடியேட்டர் தள்ளும் அனல் காற்று வெளியே போக டக்ட் இல்லாமல் அறைக்குள்ளேயே சுற்றினால், 20டபிள்யூ-50 ஊற்றியும் பயனில்லை. இந்தக் கெட்டி ஆயிலில் இன்னொரு தொந்தரவும் உண்டு. வாரக்கணக்கில் நின்ற இன்ஜினில் ஆயில் முழுக்கச் சம்ப்புக்கு, அதாவது இன்ஜினின் அடித்தொட்டிக்கு, வடிந்திருக்கும். செட்டைத் தானாகக் கிளப்பும் ஏஎம்எஃப் பேனல் இருந்தால் கரண்ட் போன சில வினாடிகளில் முழு லோடும் ஏறிவிடும். அந்த நேரத்தில் டர்போ பேரிங்குக்கும் இன்ஜின் தலையில் வால்வை அழுத்தும் ராக்கருக்கும் ஆயில் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். கெட்டி ஆயிலில் பிரஷர் கேஜ் முள் நன்றாக ஏறிக் காட்டும், ஓட்டம் குறைவாக இருக்கும். சூடானதும் பிரஷர் இறங்குகிறது என்பதற்காகக் கெட்டி ஆயில் ஊற்றுவது நோயை மூடி மறைப்பது. பேரிங் தேய்மானம், ஆயிலில் டீசல் கலப்பு, ரிலீஃப் வால்வு, சென்சார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

டப்பாவில் கிரேடைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது பின்புறம் இருக்கும் ஏபிஐ வட்டம், அதாவது ஆயிலின் தர வகையைச் சொல்லும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் முத்திரை. சிஐ-4 அல்லது சிஐ-4 பிளஸ் உங்கள் இரண்டு செட்டுக்கும் பொருந்தும். சைலன்சர் பக்கம் கேட்டலிஸ்ட், ஃபில்டர் வைத்து வரும் புது சிபிசிபி 4+ (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகை விதி) செட் என்றால் சாம்பல் குறைந்த சிகே-4 வேண்டும். எஃப்ஏ-4 என்று போட்டிருந்தால், மேனுவல் பெயர் சொல்லிக் கேட்டாலொழிய வாங்க வேண்டாம். கார், பைக் ஆயில் எஸ்என் வகை, இதற்கு ஆகாது. கம்பெனி எதுவானாலும் சீல் உடையாத டப்பாவாக, பேட்ச் எண்ணும் தேதியும் தெளிவாக இருப்பதாக வாங்குங்கள்.

இப்போது தேதி. மேனுவலில் பொதுவாக 250 அல்லது 500 மணி நேரம், இல்லாவிட்டால் இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும். மாத ஷட்டவுன் அன்று எட்டு மணி நேரம் ஓடினாலும் வருஷத்துக்கு 96 மணி நேரம்தான். ஓடிய மணியைக் காட்டும் அவர்மீட்டரை நம்பிக் காத்திருந்தால் இரண்டு மூன்று வருஷம் அதே ஆயில் கிடக்கும். அதற்குள் ஈரமும் அமிலமும் சேர்ந்து பேரிங்கை அரிக்கும். கீழே வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், மேலே ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இப்படி நாள் கணக்கில் கொட்டப்போகிற ஆயிலுக்குச் சிந்தெடிக் விலை கொடுப்பது வீண்.

மேலே ஏன் ஆறு மாதம்? மூடுபனி ஊரில் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்குள் வேர்த்து நீர் கோத்துக்கொள்ளும். ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். பால் காபி நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தால் அதுதான் நீர். உறுதி செய்ய, சமையலுக்கு ஆகாத பழைய தோசைக்கல் ஒன்றை நன்றாகக் காயவைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். சத்தமில்லாமல் பரவினால் ஈரம் இல்லை, படபடவென்று வெடித்தால் இருக்கிறது. மூடியில் மட்டும் லேசாக இருந்தால் சூடேற ஓட்டினாலே போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

வாரா வாரம் ஐந்து நிமிஷம் வெறுமனே ஓட்டி நிறுத்துவதுதான் ஆயிலைக் கெடுக்கும் பெரிய பழக்கம். ஈரம் ஆவியாகும் சூட்டை ஆயில் எட்டுவதேயில்லை. எரியாத டீசல் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளையின் உள்சுவர்) வழியே சம்ப்புக்கு இறங்கும். மாதம் ஒரு முறை அரை மணி நேரமாவது, 30 சதவீத லோடுக்குக் குறையாமல் ஓட்டுங்கள். மலையில் அதை முக்கால் மணி நேரமாக்குங்கள். 25 கேவிஏ என்றால் 20 கிலோவாட், அதில் 30 சதவீதம் 6 கிலோவாட். விடுதியில் 2 கிலோவாட் கீசர் மூன்றைப் போட்டால் கணக்கு முடிந்தது. மண்டபத்துக்கு 15 கிலோவாட் வேண்டும், ஒன்றரை டன் ஏசி ஒன்பது பத்து ஓட வேண்டும். நிறுத்தும் முன் லோடை எடுத்துவிட்டு மூன்று நிமிஷம் ஓடவிடுங்கள், டர்போவில் ஆயில் கருகாது.

நிறுத்திப் பதினைந்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். அளவு குறைவதை எல்லோரும் கவனிப்பார்கள். ஊற்றாமலே ஏறுவதுதான் ஆபத்து. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வையுங்கள். கருப்பு நடுவைச் சுற்றி வெளிறிய அகலமான வளையம் பரவி, டீசல் வாடையும் அடித்தால் உடனே மாற்றுங்கள், இன்ஜெக்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாற்றும்போது பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி வடியுங்கள், அழுக்கு சேர்ந்து இறங்கும். ஆளில்லாத நேரத்தில் கரண்ட் போய் செட் தானாகக் கிளம்பாதபடி, சூடாக்கி நிறுத்தியதும், வடிக்கும் முன் பேனலை ஆஃபில் வைத்து பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ட்ரெயின் பிளக்கின் செம்பு வாஷர் புதிது. ஃபில்டரும் ஒவ்வொரு முறையும் புதிது. அதன் ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் இன்ஜினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்குங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் நுரைத்து, இன்ஜின் மூச்சுவிடும் குழாயான பிரீதர் வழியே கக்கும்.

மேலூர் கிரானைட் பக்கம் போல கல்தூசு பறக்கும் இடம் என்றால் ஏர் ஃபில்டரையும் அதன் ஹோஸ் கிளிப்பையும் மாதா மாதம் பாருங்கள், உள்ளே போன தூசு ஆயிலோடு சேர்ந்து லைனரை அரைத்துவிடும். வடித்த ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். அது அபாயக் கழிவு. மூடிய கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.