பக்க வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். பி.காம். முடித்துவிட்டு, தமிழ் டைப்பிங் தெரியும் என்பதால் சேர்ந்தவள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புக், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ், எல்லாம் செய்கிறேன். பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப் மூன்றும் கைப்பழக்கம். இப்போது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் ஊரின் வரலாற்றை எழுதி, "நீயே பக்கம் போட்டுக் கொடும்மா" என்று கொடுத்திருக்கிறார். ஒரு கணக்குப் போட்டேன், 120 பக்கம் வரும். நாலு பக்கம் போட்டுப் பார்த்தால் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதே தவிர புத்தகம் மாதிரி இல்லை. எங்கே குறை என்று பிடிபடவில்லை. கிராஃபிக் டிசைன் படிக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா? எனக்குப் படம் வரைய வராது. எந்த சாஃப்ட்வேரில் தொடங்குவது?

க.,
குடியாத்தம்

*

அன்புள்ள க.,

நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்கே பட்டிருக்கிறது. இந்த வேலைக்கு முதலில் வேண்டியது அந்தக் கண். அது உங்களிடம் இருக்கிறது. படம் வரையத் தெரியாதது ஒரு தடையே இல்லை. புத்தகப் பக்கம் போடுகிறவருக்கு அளவு தெரிய வேண்டும், பொறுமை வேண்டும், எழுத்தின் மேல் பிரியம் வேண்டும்.

நோட்டீஸை நடந்துபோகிறவர் ஒரு பார்வையில் படித்துவிட வேண்டும். அதனால் வரிக்கு வரி எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, கட்டம் கட்டுகிறோம். அங்கே அது சரி. புத்தகத்தை ஒருவர் மணிக்கணக்கில் கையில் வைத்துப் படிக்கிறார். உங்கள் நாலு பக்கத்தில் நோட்டீஸ் பழக்கம் தொற்றியிருக்கும். தலைப்புக்கு ஒரு ஃபான்ட், துணைத்தலைப்புக்கு வேறொன்று, ஊர்ப்பெயரெல்லாம் தடித்த எழுத்து, இடம் போதாத வரியில் எழுத்தின் அகலத்தை 80 சதவீதமாகக் குறுக்குவது. கடைசியாகச் சொன்னதை இன்றோடு விட்டுவிடுங்கள். அப்படிக் குறுக்கும்போது நிற்கும் கோடுகள் மெலிந்துவிடும், படுக்கைக் கோடுகள் அப்படியே இருக்கும், எழுத்து நசுங்கிப்போகும். ஒடுங்கிய எழுத்துதான் வேண்டுமென்றால் அப்படியே வரைந்த ஃபான்ட் இருக்கிறது. 2022இல் வெளிவந்த அனெக் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் அகலத்துக்குத் தனித்தனி வடிவங்கள் உண்டு.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றைத்தான். தமிழ்ப் பக்கத்தைத் தமிழ் எழுத்தை வைத்தே கற்றுக்கொள்ளுங்கள். இணையத்தில் கொட்டிக்கிடக்கும் டிசைன் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்குச் செய்தவை. தலைப்பை கேபிட்டலில் போடு, நூல்பெயரை இட்டாலிக்கில் போடு என்பார்கள். நமக்கு கேபிட்டல் கிடையாது. தமிழ் எழுத்தைச் சாய்க்கும் வழக்கம் மரபில் இல்லை, சாஃப்ட்வேர் சாய்த்துக் காட்டுவது வெறும் கோணல். கேன்வா என்ற இணைய டிசைன் தளத்தின் தயார் வடிவங்களிலும் இதே சிக்கல்தான். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு விட்ட இடத்தில் ‘நினைவுகூர்கிறோம்’ எப்படி உட்காரும்?

வரி இடைவெளியிலிருந்து தொடங்குங்கள். பேஜ்மேக்கரும் அதற்குப் பின் வந்த இன்டிசைனும் தாமாக வைக்கும் இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம். 11 பாயின்ட் எழுத்துக்கு 13.2. ஆங்கிலத்துக்கு அது ஓடும். தமிழில் மேல்வரியின் ‘மூ’, ‘ழூ’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘னீ’, ‘றி’ மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். 11 பாயின்டுக்கு 15, 15.5, 16 என்று மூன்று விதமாக ஒரே பத்தியைப் போட்டு, அச்செடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஆசிரியரையும் படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை வாங்கப் போகிறவர்களில் பலர் அவர் வயதுக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். டெம்மி 1/8 என்ற புத்தக அளவு என்றால் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். உள்பக்க ஓரம் 2 செ.மீ., வெளியோரம் 1.5 செ.மீ. விடுங்கள். பைண்டிங் உள்ளோரத்தை விழுங்கும், அதனால்தான் அங்கே கூடுதல். மிச்சம் 10.5 செ.மீ. வரி. எழுத்துப் பகுதியின் உயரம் 17.5 செ.மீ. என்று வைத்தால் 13.2 இடைவெளியில் 37 வரி, 16இல் 31 வரி. நீங்கள் சொன்ன 120 பக்கம் தானியங்கி இடைவெளியில் எண்ணியது என்றால், 16க்கு மாற்றியதும் 143க்கு மேல் போய்விடும். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். ஒன்பது பாரம் 144 பக்கம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், முன்னுரை, பொருளடக்கத்துக்கு இடமிருக்காது. 15.5 வைத்தால் பக்கத்துக்கு 32 வரி, உள்ளடக்கம் 139 பக்கத்தில் அடங்கும், முன்பக்கங்களுக்கு ஐந்து கிடைக்கும். அரை பாயின்ட் மாற்றத்தில் ஒரு பாரத்துக் காகிதச் செலவு மிச்சம். இந்தக் கணக்கு நம்மிடம் அச்சு வந்த காலத்திலேயே இருக்கிறது. தரங்கம்பாடி மிஷனரிகளுக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வார்த்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தைத் தின்றன. புதிய ஏற்பாட்டை அச்சிடுவதற்காக இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் அது முழுமையாக வெளிவந்தது.

அடுத்தது வரி உடைவது. 10.5 செ.மீ.யில் ஆறேழு தமிழ்ச் சொற்கள்தான் வரும். இருபக்கமும் நேராக்கும்போது ஒரு நீளமான சொல் அடுத்த வரிக்குத் தாவினால், மிச்சமுள்ள நாலு சொல்லுக்கு நடுவே பள்ளம் விழும். சொல்லை உடைக்கத் தயங்காதீர்கள். நம் நாளிதழ்கள் இணைப்புக்கோடு இல்லாமலே உடைக்கின்றன, யாருக்கும் படிக்கச் சிரமமில்லை. ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ஒரே ஓர் எழுத்தைப் பிய்த்து அடுத்த வரியில் தனியாக விடக் கூடாது. பழைய ஃபான்டுகளில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று தனித் தட்டல். கொம்பு வரிக்கடைசியிலும் ‘கா’ அடுத்த வரியிலும் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதனால்தான் இந்தப் புத்தகத்தை பேஜ்மேக்கரில் போட வேண்டாம் என்கிறேன். அதன் கடைசிப் பெரிய பதிப்பு 2001இல் வந்தது, எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் எழுத்துக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. ஊர் வரலாறு என்றால் நாளைக்கு யாராவது தேடுவார்கள், மின்னூலாக வேண்டும் என்பார்கள். பழைய ஃபான்டில் போட்டால் எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டிவரும். கடையில் இன்டிசைன் இருந்தால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்டிசைன் இல்லையென்றால் ஸ்கிரைபஸ் இலவசம், 1.5.3 பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. பத்திகளில் ஓடும் எழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் ஃபான்ட், தலைப்புக்கு அதிலேயே தடித்த வகை. இந்த நூலுக்கு அது போதும்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. 10.5 செ.மீ. அகலத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறத்தாழ 1,240 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். நடுகல் படம் இருந்தால் விளிம்பை வெட்டாதீர்கள். நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்துச் செங்கம் நடுகற்களில், பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து வீரனின் தலைக்கு மேலும் சுற்றிலும்தான் ஓடுகிறது. உருவம் மட்டும் தெரியும்படி வெட்டினால் வரலாறே போய்விடும்.

பயிற்சிக்குச் சென்னை வேண்டாம், ஒருநாள் வேலூர் வரை வாருங்கள். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலத்தோடு இந்தியும் வங்காளமும் இருக்கும், அங்கிருந்து வரும் நோயாளிகளுக்காக. இவ்வளவு நல்ல பாடசாலை வேறெங்கே கிடைக்கும்? இந்தியும் வங்காளமும் தலைக்கோட்டிலிருந்து தொங்குகின்றன, தமிழுக்குத் தலைக்கோடு இல்லை. ஒரே அளவு எழுத்தில் போட்டால் தமிழ் பருத்தும் ஆங்கிலம் ஒடுங்கியும் தெரியும். எந்தப் பலகை எழுதியவர் அதைக் கண்ணால் சமன் செய்திருக்கிறார், எது செய்யவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நூலில் ஆங்கில ஆவணப் பெயர்கள் வரும்போது அவற்றை ஒரு பாயின்ட் கூட்டுவதா குறைப்பதா என்று அந்தக் குறிப்பு சொல்லும். உங்களுக்குப் பக்கத்திலேயே பேரணாம்பட்டில் உருது போஸ்டர்கள் இருக்கின்றன. எழுத்து வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்குவதால் அதற்கு எவ்வளவு வரி இடைவெளி தேவைப்படுகிறது என்று பாருங்கள். மற்ற நாட்களில் ஊர் நூலகத்துக்கு ஒரு ஸ்கேலோடு போய், படிக்கச் சுகமாக இருக்கும் நூல்களின் ஓரத்தையும் வரி எண்ணிக்கையையும் அளந்து எழுதுங்கள்.

படிப்பில் சேருவதைப் பிறகு பார்க்கலாம். சேருவதானால் பணம் கட்டும் முன், தமிழில் ஒரு முழுப் புத்தகம் போட வைப்பார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

கூலியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆசிரியர் என்ற மரியாதையில் கேட்கத் தயங்குவீர்கள் என்று தோன்றுகிறது. பக்கத்துக்கு இவ்வளவு, இரண்டு முறை புரூஃப் திருத்தம் அதில் அடக்கம், அதற்குமேல் பத்திகளை மாற்றினால் தனி என்று தொடங்கும் முன்பே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதல் 16 பக்கத்தை மட்டும் முடித்து அவர் ஒப்புதலை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தொடங்குங்கள். அந்த 16 பக்கத்தை எனக்கும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.