வாகனம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் வாழை விவசாயி. இருபது ஆண்டுப் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் மலையடிவாரத் தோட்டத்துக்குள் வேறு வண்டி இறங்கி ஏறாது என்பதால் இதை விற்க மனமில்லை. முன்பு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடியது. சென்ற ஆண்டு 215/75 ஆர் 15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 போட்டேன். இப்போது 9 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. டீசல் பம்பைக் கழற்றி வேலை பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், களக்காடு

பதில்: இப்போதைக்குப் பம்பில் கை வைக்க வேண்டாம். பழைய ஃபோர் வீல் வண்டியில் டீசல் வீணாவது பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியேதான். தேவையில்லாமல் சுற்றும் பாகங்களையும் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் பாகங்களையும் முதலில் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் பம்புக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் முன்பாக, 9 என்ற கணக்கே சரியா என்று பாருங்கள். பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர்; புதியதன் விட்டம் 733. சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி முன்னைவிட நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 104 கிலோமீட்டர் வந்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் 9 உண்மையில் 9.4 ஆகும். மீதிக் குறைவுக்குத்தான் காரணம் தேட வேண்டும். அகலமான, கனமான டயருக்கும் அதில் பங்குண்டு என்பதால் அடுத்த முறை டயர் மாற்றும்போது பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள்.

அளக்கும் முறையும் முக்கியம். ஒரே பங்க்கில், ஒரே இடத்தில் நிறுத்தி, டேங்க்கை நிரப்பி, மீண்டும் அங்கேயே நிரப்பிக் கணக்கெடுங்கள். மூன்று முறை செய்து சராசரி பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்றுதான் உங்கள் வண்டியின் முகத்திலும் அடிக்கிறது. காற்றோடு போகும்போது ஒரு கணக்கும், எதிர்த்து வரும்போது வேறு கணக்கும் கிடைக்கும். போகவர இரண்டையும் சேர்த்து அளந்தால் தவிர அந்த எண்ணை நம்ப முடியாது.

அடுத்தது பிரேக். வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து, லீவரை விட்ட பிறகும் பின் சக்கரத்து லைனிங்கை டிரம்மில் உரசியபடியே வைத்திருக்கும். காலையில் ஆள் குறைந்த சாலையில் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். பிறகு நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அதிகமில்லை என்று தெரிந்த பிறகே தொடுங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால், கோளாறு அங்கேதான் இருக்கிறது. பிரேக் ஷூவோ பேரிங்கோ, இரண்டில் ஒன்று. இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை.

மூன்றாவதாக, ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை நிலைநிறுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் வைத்திருந்த ஜீப்பில், “நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?” என்று சொல்லி ஒரு பட்டறையில் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள், இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. வெப்பமானி முள் அதுவரை கால்வாசியைத் தாண்டியதே இல்லை. எஞ்சின் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி சூட்டில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அந்தச் சூடு வராவிட்டால் டீசல் சரியாக எரியாது. சிலிண்டரும் சீக்கிரம் தேயும். சில நூறு ரூபாய் வால்வை மிச்சம் பிடித்து டேங்க் டேங்க்காக டீசலை இழந்தேன் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்குநேரியில் நான்குவழிச் சாலை ஏறியதும் 80இல் போகத் தோன்றும். 60இல் இருக்கும் காற்றுத்தடை 80இல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிவிடும். கேபினுக்கு மேலே அடுக்கிய வாழைத்தாரும், கட்டு தளர்ந்து படபடக்கும் தார்ப்பாயும் அதை இன்னும் கூட்டும். தார்ப்பாயை இழுத்துக் கட்டி 60க்கும் 65க்கும் இடையில் ஓட்டுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பாரத்தோடு மேடேறும்போது கரும்புகை தள்ளினால், முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களை மட்டும் கழற்றிச் சோதனை மேசையில் வைத்து, டீசல் பூத்தூறலாக வருகிறதா, ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாசில் நன்றாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால்தான் பம்பு.

கேள்வி: தேரி எனப்படும் செம்மணல் மேட்டில் தினமும் போய்வருகிறோம். அடிக்கடி மாற்றுவது சிரமம் என்று தார்ச்சாலையிலும் ஃபோர் வீலிலேயே ஓட்டுகிறார் டிரைவர். இதனால் டீசல் கூடுமா?
– வாசகர், திசையன்விளை

பதில்: கூடும், அதைவிடப் பெரிய சேதமும் வரும். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மணலில் அந்த வேறுபாடு சறுக்கிச் சரியாகிவிடும். தார்ச்சாலையில் சறுக்க இடமில்லாததால் முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும், எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்சக்கரத்திலும் ஏறுகிறது. லீவர் இறுகி வெளியே வர மறுப்பதும் இதனால்தான். அப்போது சற்றுப் பின்னால் எடுத்தால் முறுக்கு தளர்ந்து விடுபடும். உங்கள் வண்டியின் முன் சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டவும் விடுவிக்கவும் கையால் திருகும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால், தார்ச்சாலைக்கு வந்ததும் இறங்கி அதையும் விடுவித்துவிடச் சொல்லுங்கள். லீவரை மட்டும் இரண்டு சக்கர ஓட்டத்துக்கு மாற்றினால், முன் ஆக்சிலும் அதிலுள்ள கிரவுன் பற்சக்கரமும் முன் ஷாஃப்ட்டும் வேலையே இல்லாமல் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை மணலில் ஹப்பைப் பூட்டிச் சிறிது தூரம் ஓட்டினால் உள்ளே எண்ணெய் படியும்.

மணலுக்காகக் குறைத்த டயர் காற்றைத் தார்ச்சாலை ஏறுமுன் நிரப்ப வேண்டும். தேரியின் சிவப்புத் துகள் மிகவும் நுண்ணியது என்பதால் ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை பாருங்கள். காகித ஃபில்டரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக, காற்றுக் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கும்.

கேள்வி: மலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்கிறார்களே? டீசல் குழாயில் காந்தம் மாட்டுவதும் பலன் தருமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டும் வேண்டாம். கியரில் வைத்து மிதியை முழுவதும் விட்டு இறங்கும்போது, சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்பிலுள்ள கவர்னர் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் ஐடிலில் ஓட டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். மாஞ்சோலைப் பாதை போன்ற வளைவுகளில் எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், லைனிங் சூடேறிப் பிடிக்காமல் போகும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட ஆபத்து. பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துவிடும். காந்தத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருள் மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும், குறிப்பிடத்தக்க பலன் தருவதாக எதையும் கண்டறியவில்லை. அந்தப் பணத்துக்குச் சக்கர அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.