இது எந்தப் படம் மாதிரி?

அன்புள்ள சார்,

போன வாரம் குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போனோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, “இதை மலையாளத்துல பார்த்துட்டோமே” என்றாள் மனைவி. இடைவேளையில் வில்லன் யார் என்பதையும் சொல்லிவிட்டாள். பாப்கார்ன் வேறு வாங்கித் தொலைத்திருந்தோம். என் தம்பி இரண்டு கதைகளை வைத்துக்கொண்டு நான்கு வருடமாக சினிமா கம்பெனிகளின் படியேறி இறங்குகிறான். நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்ப்பவன், சினிமா தெரியாது. கோடிக்கணக்கில் பணம் போடுகிறவர்கள் புதுக் கதை என்றால் ஏன் ஒதுங்குகிறார்கள்? சோம்பேறித்தனம்தானா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். ரீமேக் உரிமையை வாங்குவதற்கே ஏகப்பட்ட அலைச்சல் உண்டு. காரணம் உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. கடன் கேட்டு வருபவர் தன் திறமையைப் பற்றி ஒரு மணி நேரம் அழகாகப் பேசினால் கையெழுத்துப் போட்டுவிடுவீர்களா? பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்றுதானே கேட்பீர்கள்? சினிமாவில் பக்கத்து மாநிலத்தில் ஓடிய படம்தான் அந்தப் பத்திரம்.

பல வருடங்களுக்கு முன்னால், ஒன்பது வருடம் உதவி இயக்குநராக இருந்த நண்பர் ஒருவர் கதை சொல்லப் போனபோது துணைக்குப் போயிருந்தேன். சாலிகிராமத்தில் ஒரு மாடி அலுவலகம். நண்பர் இரண்டேகால் மணி நேரம் பாட்டு, சண்டை, பின்னணி இசை எல்லாவற்றையும் தன் வாயாலேயே செய்து காட்டினார். தயாரிப்பாளருக்கு நடுவில் ஏழெட்டு போன்கள். ஒவ்வொரு முறையும் நண்பர் கையை அந்தரத்தில் நிறுத்திவைத்துக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார். எல்லாம் முடிந்ததும் தயாரிப்பாளர் டீயை உறிஞ்சிவிட்டு, “நல்லா இருக்கு தம்பி. இது எந்தப் படம் மாதிரி?” என்றார். நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்து, “எந்தப் படம் மாதிரியும் இருக்காது சார்” என்றார். அதோடு கதை முடிந்தது. வெளியே வந்து பைக்கை எடுக்கும்போதுகூட, அவர் பெருமையாகச் சொன்ன அந்த ஒரு வரிதான் காரியத்தைக் கெடுத்தது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் பிற்பாடுதான் புரிந்தது.

அந்தத் தயாரிப்பாளரை வில்லனாக்க வேண்டாம். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பைனான்சியரின் பணம், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அவருக்குக் கதை பிடித்தால் மட்டும் போதாது. அதை ஹீரோவிடம் சொல்ல வேண்டும், பைனான்சியரிடம் சொல்ல வேண்டும், கோவை ஏரியாவின் விநியோக உரிமையை வாங்குபவரிடமும் மதுரை ஏரியாவை வாங்குபவரிடமும் சொல்ல வேண்டும். நம் ஊரில் திரைக்கதையைக் காகிதத்தில் படித்து முடிவெடுக்கும் பழக்கம் குறைவு. எல்லாம் வாய்வழிதான், ஒவ்வொரு வாய் மாறும்போதும் கதை கொஞ்சம் நீர்த்துப்போகும். ரீமேக் என்றால் அந்த வம்பே இல்லை. “இந்தப் படம் சார், ஆந்திராவுல நூறு நாள்” என்று சொல்லி படத்தையே போட்டுக் காட்டிவிடலாம். எங்கே கைதட்டல் விழும் என்பதுவரை எல்லோருக்கும் கண்ணால் தெரிந்துவிடுகிறது. படம் ஓடாவிட்டால்கூட, “அங்கே ஓடுச்சே, இங்கே ஏன் ஓடலைன்னு தெரியலை” என்று சொல்லித் தப்பிக்கலாம். புதுக் கதையை எடுத்துத் தோற்றவருக்கு அந்த வசதி கிடையாது.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1964இல் தெலுங்கில் ‘ராமுடு பீமுடு’ வந்தது, என்.டி.ஆர். இரட்டை வேடம். அடுத்த பொங்கலுக்கே அது தமிழில் எம்.ஜி.ஆர். நடித்து ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஆனது. 1967இல் இந்தியில் திலீப் குமாரோடு ‘ராம் அவுர் ஷியாம்’. மூன்றுக்கும் இயக்குநர் ஒருவரே, தாபி சாணக்யா. ஆனால் சாட்டையை எடுத்துக்கொண்டு எம்.ஜி.ஆர். மாடிப்படியில் ஏறி இறங்கிப் பாடுகிற ‘நான் ஆணையிட்டால்’ பாட்டைக் கேட்டு யாராவது தெலுங்குப் படத்தை நினைத்திருப்பார்களா? வாலியின் அந்தப் பாட்டு கட்சி மேடை வரைக்கும் போனது. ‘கில்லி’யும் அப்படித்தான். 2003இல் வந்த தெலுங்கு ‘ஒக்கடு’வின் ரீமேக், இரண்டிலும் வில்லன் பிரகாஷ்ராஜ். ஆனால் மதுரை முத்துப்பாண்டி “செல்லம்” என்று கூப்பிட்டதும் அது நம்முடைய படமாகிவிட்டது. 2024இல் மறுபடி திரையிட்டபோது தியேட்டரில் எழுந்து ஆடியவர்களில் பாதிப் பேர், படம் முதலில் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆகவே ரீமேக் என்றாலே குப்பை என்று நான் நினைக்கவில்லை. மண்ணையும் பேச்சையும் மாற்றத் தெரிந்தவர் கையில் அது வேறு படமாகிவிடும். மாற்றாமல் எடுப்பவர்கள்தான் அதிகம், அது வேறு விஷயம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இயக்குநர் மோகன் ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஜெயம்’, ‘எம்.குமரன்’, ‘உனக்கும் எனக்கும்’, ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’, ‘தில்லாலங்கடி’ என்று வரிசையாகத் தெலுங்கு ரீமேக்குகள். இவருக்குச் சொந்தச் சரக்கே இல்லை என்று பேசாதவர்கள் குறைவு. 2015இல் ‘தனி ஒருவன்’ வந்தது, சொந்தக் கதை. பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். அப்படியொரு கதையை எழுதக்கூடியவர் பத்து வருடத்துக்கு மேல் அடுத்தவர் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருடமே அந்தப் படம் ‘துருவா’ என்று தெலுங்குக்குப் போனது. இந்த முறை பத்திரம் இங்கிருந்து அங்கே!

உங்கள் மனைவிக்கு நேர்ந்ததுதான் இப்போது பெரிய மாற்றம். முன்பெல்லாம் திருவனந்தபுரத்தில் ஓடிய படத்தை ஈரோட்டில் பார்த்தவர்கள் சொற்பம். அந்தத் தூரம்தான் ரீமேக்கின் முதலீடு. இன்று மூலப்படமே தமிழ் டப்பிங்கில் வீட்டு ஹாலுக்கு வந்துவிடுகிறது. தமிழ் ‘விக்ரம் வேதா’வை இயக்கிய அதே புஷ்கர்–காயத்ரி 2022இல் ஹிருத்திக் ரோஷனையும் சைஃப் அலிகானையும் வைத்து இந்தியில் எடுத்தார்கள், எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ‘சூரரைப் போற்று’ ஓடிடியில் வந்து, இந்தி டப்பிங்கும் வந்த பிறகு, அதையே சுதா கொங்கரா 2024இல் அக்‌ஷய் குமாரை வைத்து ‘சர்ஃபிரா’வாக எடுத்தார். அதுவும் படுத்துவிட்டது. சரி, இனி புதுக் கதைக்குக் கதவு திறக்கும் என்று நினைத்தால், ‘சந்திரமுகி 2’, ‘இந்தியன் 2’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். அடமானம் வைக்கப் பக்கத்து வீட்டுப் பத்திரம் கிடைக்காவிட்டால் நம் தாத்தா பத்திரம்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ‘நாளைய இயக்குநர்’ டிவி நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்தவர்கள்தான் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும். அங்கிருந்து போய் ‘பீட்சா’வும் ‘சூது கவ்வும்’ படமும் எடுத்தார்கள். பாலாஜி மோகன் தன் குறும்படம் ‘காதலில் சொதப்புவது எப்படி’யையே அதே பெயரில் 2012இல் பெரிய படமாக்கினார். அல்போன்ஸ் புத்திரனின் ‘நேரம்’ படமும் அப்படி வந்ததுதான். யோசித்துப் பார்த்தால் கடைசி இரண்டு பேரும் தங்கள் படத்தையே ரீமேக் செய்தவர்கள். தயாரிப்பாளர் கேட்ட பத்திரத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

அதனால் தம்பியிடம் இரண்டு கதையில் ஒன்றிலிருந்து பத்து நிமிடக் காட்சியை எடுத்துத் தன் போனில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதை சொல்லும்போது எப்படியும் தயாரிப்பாளருக்கு போன் வரும். அவர் பேசி முடிக்கும்வரை படத்தை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருக்கலாம். அந்தரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.